மூன்று துளையும் ஒரு முடிச்சும்

இராசேஸ்வரியின் வயிறு முதன்முதலாகப் பேச்சுக்கு வந்தது கச்சான் கடலைத் தோட்டத்தில்தான். நெடுங்கேணியில் அந்தத் தை மாதம் பனி விடாமல் கொட்டியது. மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கினால்தான் காய் கொடியோடு வரும். வெயில் ஏறி மண் இறுகிவிட்டால் பாதிக்காய் உள்ளே நின்றுவிடும். அதனால் விடிந்தும் விடியாததுமாக ஆறேழு பெண்கள் குந்தியிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இராசேஸ்வரி மட்டும் முழங்காலில் நின்றாள். குந்தினால் வயிறு முட்டியது. ஐம்பத்தாறு வயதில், ஒரு நேரச் சோற்றை இரண்டு நேரமாகப் பிரித்துத் தின்கிற ஒருத்திக்கு அப்படி வயிறு வைக்க நியாயமே இல்லை.

பக்கத்து வரிசையில் நின்ற மூக்கன் பெண்சாதி வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

"என்ன ராசக்கா, தில்லையண்ணை ஒருத்தருக்கும் தெரியாமல் வந்திட்டுப் போறாரோ?"

மற்றவர்கள் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் குனிந்து கச்சானைப் பார்த்தார்கள். இராசேஸ்வரியின் புருசன் தில்லைநாதன் காணாமற்போய்ப் பதினாறு வருசம் கடந்துவிட்டது. அவர் பெயரை எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வதுதான் ஊர் வழக்கம். வாயை முதலில் கழுவிக்கொண்டு வா என்று மூக்கன் பெண்சாதியை ஏசிவிட்டு, இராசேஸ்வரி அடுத்த கொடியைப் பிடுங்கினாள். ஆனால் அவளுக்கு உள்ளே கோபம் வரவில்லை. இத்தனை வருசத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவரை வந்து போகக்கூடிய மனிசனாக வைத்துப் பேசியிருக்கிறாள். அன்று பொழுது சாயும்வரை அந்தப் பகிடி அவளுக்கு இனித்துக்கொண்டே இருந்தது.

மகள் நிசாந்தினிக்குத்தான் இனிக்கவில்லை. முன்பள்ளியில் படிப்பிக்கிற பெண். இருபத்துநாலு வயதுக்குள் வீட்டுக்குத் தகப்பனும் தானே என்றாகிப்போனவள். தாய் மூன்று மாதமாக உள்ளியும் ஓமமும் அவித்துக் குடித்து, இது வெறும் வாய்வு என்று சாதித்துக்கொண்டிருந்ததை அவள் பொறுத்துப் பார்த்தாள். மாதவிலக்கு நின்று ஐந்து வருசமாகிவிட்டது, இனி அந்தப் பக்கத்தில் வருத்தம் வர என்ன இருக்கிறது என்பது இராசேஸ்வரியின் கணக்கு. பகிடி வீடுவரை வந்த அடுத்த நாள் நிசாந்தினி முன்பள்ளிக்கு லீவு போட்டுத் தாயை ஸ்கான் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். வலது பக்கச் சூலகத்தில் சின்னத் தேங்காயளவில் ஒரு நீர்க்கட்டி இருந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார்கள்.

நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்குப் போகிற பஸ் புளியங்குளத்தில் பெரிய வீதிக்கு ஏறி, ஓமந்தையைத் தாண்டித்தான் போகும். ஓமந்தை வரும்போது பஸ்ஸில் பாட்டுப் போகும், கச்சான் விற்கிறவன் ஏறுவான், சனம் இறங்கும். இராசேஸ்வரி அந்த இடம் வருமுன்னமே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யன்னலோடு ஒட்டிவிடுவாள். அங்கே இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. புல் முளைத்த வெறும் வெளி. ஆனாலும் அவள் ஒரு தடவையாவது அதைப் பார்க்காமல் கடந்ததில்லை. நிசாந்தினியும் தாயைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளம் சிங்களப் பெண். தமிழைப் படித்துப் படித்துப் பேசினா. இந்த வயதில் வருகிற கட்டி, பிள்ளை பெறுகிற வயதில் வருகிறதைப்போலத் தானாகக் கரையும் என்று காத்திருக்க ஏலாது என்றா. இரத்தச் சோதனை பயப்படுகிறமாதிரி இல்லையாம். ஆனால் எடுத்துச் சோதித்துப் பார்க்காமல் அது நல்லதோ கெட்டதோ என்று ஒருவரும் சத்தியம் பண்ண முடியாதாம். முந்தியென்றால் வயிற்றைச் சாண் நீளம் கிழிக்கவேண்டும். இப்போது சின்னத் துளை போட்டு, வயிற்றுக்குள் காற்றை நிரப்பி, கமராவை விட்டுப் பார்த்துக்கொண்டே, இரண்டு சூலகத்தையும் ஒரு பைக்குள் போட்டு வெளியே எடுத்துவிடலாம்.

"பயம் வேண்டாம் அம்மா. மூண்டு ஓட்டை. சின்னது. ரெண்டு நாள்ல வீடு" என்று மூன்று விரலைக் காட்டிச் சிரித்தா.

இராசேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணிவெடி வயலுக்கும் பாம்புப் புற்றுக்கும் பயப்படாதவள் மூன்று ஓட்டைக்குப் பயப்படுவாளா? பயம் வந்தது டொக்டரிடமில்லை, வெளியே கடதாசி எழுதித் தந்த நேர்ஸிடம்தான். முதல்நாள் இரவுக்குப் பிறகு தண்ணீரும் கூடாது. நகப்பூச்சுக் கூடாது. காப்பு, தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றவேண்டும். தாலியும்தான். உள்ளே கரண்டு வைத்துச் சுட்டுத்தான் இரத்தத்தை நிறுத்துகிறார்கள். உடம்பில் உலோகம் கிடந்தால் அந்த இடம் வெந்துபோகும். எல்லாருக்கும் சொல்கிறதுதான், தாலிக்கொடியைக் கழற்றி வீட்டுக்காரரிடம் குடுத்துவிட்டு ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வாங்கோ என்றாள் நேர்ஸ். சொல்லிக்கொண்டு போனவள் இராசேஸ்வரியின் கழுத்தைப் பார்த்து நின்றாள்.

அந்தக் கழுத்தில் கொடி இல்லை. கழுத்தோடு ஒட்டினபடி பச்சை நைலோன் கயிறு ஒன்று கிடந்தது. பச்சை என்று சொல்வது பழைய கதை; மஞ்சளும் வியர்வையும் ஊறி அது இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாது. அதில்தான் தாலி தொங்கியது. தலைவழியே கழற்ற முடியாது. அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் அறுக்க வேண்டும்.

அதைக் கட்டினது தில்லைநாதன். கூட்டுறவுச் சங்கத்தின் உழவு மிசின் ஓட்டின மனிசன். மா மூட்டை ஏற்றினார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காயப்பட்ட சனத்தையும் ஏற்றினார். மாத்தளனில் பிள்ளைக்கு ஒரு பால்மாப் பெட்டிக்காகக் கொடி போனபோது தாலியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து, மூட்டை கட்டுகிற கயிற்றிலிருந்து ஒரு புரியைப் பிரித்து, தாலியை அதில் கோத்து, ஓடுகிற இடத்தில் எதிலும் கொளுவாமல் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். புதுக்கொடி செய்து போடுகிறேன், அதுவரைக்கும் இது கிடக்கட்டும் என்றார். இரண்டு கிழமை கழித்து ஓமந்தையில் சனத்தோடு சனமாக நின்றபோது, இயக்கத்துக்கு ஒரு நாள் வேலை செய்தவர்களும் வந்து பதியச்சொல்லி ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பதியாமல் விட்டால் பிறகு கரைச்சல் என்று அவர் நினைத்தார். ஏழு வயது நிசாந்தினி தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதிஞ்சுபோட்டு வாறன். நீ பிள்ளையோட பஸ்ஸிலை ஏறு."

அவ்வளவுதான். அவர் கை அவளைக் கடைசியாகத் தொட்ட இடம் பிடரி, அந்த முடிச்சுக் கிடக்கிற இடம். இராசேஸ்வரி அதற்குப் பிறகு எத்தனையோ கடிதம் எழுதினாள், விசாரணைகளுக்குப் போனாள், வீதியோரப் போராட்டக் கொட்டிலில் அவர் படத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். குளிக்கும்போது மட்டும் பிடரியில் சவர்க்காரம் தேய்க்க மாட்டாள். முடிச்சு இளகிவிடுமோ என்று பயம். தனியாகக் கிடக்கிற வேளைகளில் கையைப் பின்னால் கொண்டுபோய் அதைத் தொட்டுக்கொண்டு படுப்பாள். அப்போது அவர் பின்னால் குந்தியிருப்பதுபோலவும், மூச்சு கழுத்தில் படுவதுபோலவும் இருக்கும். அவர் மேல் அவளுக்கு இன்னும் ஆசை இருந்தது. பென்சன் எடுக்கிற வயதை நெருங்குகிற ஒருத்திக்கு அதை வெளியில் சொல்ல ஏலுமா?

வீட்டுக்கு வந்ததும் ஒப்பரேசன் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டபோது கோழிக்கு அரிசி போடப் போனாள். நிசாந்தினி பின்னாலேயே போனாள்.

"ஒரு நைலோன் கயித்துக்காக உயிரை விடப்போறியளோ?"

"அது கயிறில்லை."

"பின்னை என்னம்மா?"

"இதை அறுத்தால், அவர் செத்துப்போனார் எண்டு நானே சொன்னமாதிரி. விசாரணையிலை கேட்டும் நான் சொல்லேல்லை. மரணப் பத்திரம் தாறம் எண்டு வந்தவைக்கும் சொல்லேல்லை. இப்ப ஒரு கட்டிக்காகச் சொல்லுறதோ?"

நிசாந்தினி கோழிக்கூட்டுக் கதவைச் சாத்திக் கொளுவினாள். அப்பாவின் முகம் அவளுக்கு ஒழுங்காக நினைவில்லை. உழவு மிசின் பெட்டியில் ஏற்றிவிட்ட கை மட்டும் நினைவிருந்தது. அவர் இல்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தாயிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

"அப்பா வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்ளுறன். நீங்களும் இல்லாட்டில் நான் ஆரோட இருக்கிறது?"

இராசேஸ்வரி மகளின் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். பிடிவாதத்தை அவள் விடவில்லை. தந்த திகதி வந்தது, போனது. தாயும் மகளும் ஒரே சட்டியில் சோறு போட்டுத் தின்றுகொண்டு இரண்டு கிழமை பேசாமல் இருந்தார்கள்.

மாசி பிறந்து ஒரு காலை, கிணற்றடியில் வாளியை இழுத்துக்கொண்டு நின்றவளுக்கு வலது அடிவயிற்றில் யாரோ கையை விட்டு முறுக்கினதுபோல இருந்தது. வாளி கைவிட்டுப் போய்க் கிணற்றில் விழுந்தது. ஓங்காளித்துச் சத்தி எடுத்தபடி துணி தோய்க்கிற கல்லில் சுருண்டுவிட்டாள். தில்லைநாதனின் தங்கை பத்மாசனி இரண்டு வளவு தள்ளி இருக்கிறாள். அவளுடைய புருசனின் ஓட்டோவில்தான் வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். ஓமந்தை கடந்தது அன்றைக்கு மட்டும் இராசேஸ்வரிக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நோவு தணிந்திருந்தது. கட்டி தன் காம்பில் முறுகிவிட்டுத் திரும்பியிருக்கிறது, அடுத்த முறை திரும்பாது என்றா டொக்டர். நாளைக் காலை முதல் ஆளாகச் செய்யவேண்டும். அன்றைக்கு அவ விரலைக் காட்டிச் சிரிக்கவில்லை.

வாட்டில் பதிந்த நேர்ஸ் புருசன் பெயர் கேட்டாள். தில்லைநாதன் என்றாள் இராசேஸ்வரி. இருக்கிறாரோ என்று கேட்டபோது வெளியில் போயிருக்கிறார் என்றாள். நேர்ஸும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். மேலே கேட்காமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அடுத்ததற்குப் போனாள்.

பக்கத்துக் கட்டிலில் மதலேனம்மா என்று சிலாவத்தைக் கடற்கரை மனிசி ஒருத்தி இருந்தா. எழுபதை எட்டுகிற வயது. கர்ப்பப்பை கீழிறங்கி வந்திருந்தது. ஐம்பது வருசம் தூண்டிலுக்கும் வலைக்கும் குனிந்த உடம்பு, வேறென்ன செய்யும் என்று தன்னையே பகிடி பண்ணிக்கொண்டா. ஆஸ்பத்திரிச் சோற்றுக்கு இரகசியமாக மாசிக்கருவாட்டுச் சம்பல் வைத்திருந்து, இராசேஸ்வரிக்கு அது கூடாது என்று தெரிந்ததும் மிச்சம் முழுவதையும் தானே தின்றா. பின்னேரம் இருவரும் அவரவர் வருத்தத்தைக் கதைத்தார்கள். கழுத்துக் கயிற்றைப் பற்றி மதலேனம்மா ஒன்றும் கேட்கவில்லை, பார்க்காமலும் இருக்கவில்லை.

காலை ஆறரைக்கு நேர்ஸ் பச்சை உடுப்பையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்தாள். அதட்டவில்லை. எட்டு மணிவரைக்கும் பொறுக்கிறேன் அம்மா, அதற்குள் கழற்றாவிட்டால் உங்களை விட்டுவிட்டு அடுத்த ஆளை உள்ளே எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். நிசாந்தினி அதை எடுக்கவுமில்லை, தாயைக் கெஞ்சவுமில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதாள். ஓமந்தையில் பஸ்ஸுக்குள் அழுத அதே அழுகை. வாயைத் திறக்காமல், தோள் மட்டும் குலுங்க. இராசேஸ்வரிக்கு அது தாங்கவில்லை. இருக்கிறாரோ இல்லையோ தெரியாத ஒருவருக்காக, இந்தா முன்னால் நிற்கிற ஒருத்தியைத் தனிய விடப்போகிறாளா? கத்தரிக்கோலை எடுத்தாள். முனையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள்.

"அதை வை பிள்ளை" என்றா மதலேனம்மா. "நூலை அறுக்கிறது எங்கடை ஆக்களுக்குச் சரிவராது. அவிழ்த்துத் தாறன். திரும்பியிரு."

கட்டிலில் ஏறிப் பின்னால் இருந்துகொண்டா. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டை முடிச்சில் விட்டா. கொண்டை ஊசியால் நெம்பி நெம்பிப் பார்த்தா. வலை பொத்துகிற விரல்கள். காய்ப்பு ஏறியிருந்தாலும் பாரமில்லை. இராசேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருசத்தில் அந்த இடத்தில் இன்னொருவர் கை பட்டதில்லை.

கன நேரம் கழித்து மதலேனம்மா கேட்டா.

"இதைக் கட்டினவர் கடலுக்குப் போறவரோ?"

"இல்லை. உழவு மிசின் ஓடினவர்."

"அதுதான் பாத்தன். நாங்கள் நைலோனிலை முடிச்சுப் போட்டால் நுனியை நெருப்பிலை காட்டி உருக்கிவிடுவம். அப்பத்தான் அது நிண்டுபிடிக்கும், கழராது. உன்ரை மனிசன் உருக்கேல்லை. நுனியை மடிச்சு உள்ளுக்கை செருகி விட்டிருக்கிறார். மூட்டை ஏத்துறவை இப்பிடித்தான் கட்டுவினம். இறக்கிற இடத்துக்குப் போனதும் நுனியைப் பிடிச்சு ஒரு இழுப்பு, கழண்டிடும்."

மதலேனம்மா ஊசியை வைத்துவிட்டு நுனியை விரலால் தடவிப் பார்த்தா.

"இது நிக்கிறதுக்குக் கட்டினதில்லைப் பிள்ளை. தான் வந்து அவிழ்க்கிறதுக்கெண்டு கட்டினது."

பதினாறு வருசம் அந்த முடிச்சு இளகக்கூடாது என்று காத்தவள் அவள். இளகாமல் இருக்கும்வரை அவர் இருக்கிறார் என்று நம்பினவள். அவரோ அதைக் கழற்றிவிட்டுக் கொடி போடுவதையே நினைத்துக்கொண்டு கட்டியிருக்கிறார். அந்தப் பதுங்குகுழிக்குள், செல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், போய்ச் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது என்றுதான் அந்த மனிசன் நம்பியிருக்கிறார். அது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. இராசேஸ்வரி வாய்விட்டு அழுதாள். வாட்டில் யாரும் என்ன என்று கேட்கவில்லை. அந்த எட்டுக் கட்டிலில் புருசன் உள்ளவர்கள் மூன்றுபேர்தான்.

மதலேனம்மா நுனியை வெளியே எடுத்து அவள் விரலில் தந்தா.

"நீயே இழு."

இழுத்தாள். அது தடங்கலில்லாமல் வந்தது. தாலியைக் கயிற்றோடு சுருட்டி மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். நேர்ஸ் வந்து ஈரத்துணியால் நெற்றிப் பொட்டையும் துடைத்தாள். சக்கரக் கட்டிலில் போகும்போது கழுத்தில் காற்றுப் பட்டது. அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கண் விழித்தபோது வயிறு அவ்வளவாக நோகவில்லை, வலது தோள்தான் உளைந்தது. வயிற்றை வெட்டச்சொன்னால் தோளை முறித்துவிட்டார்கள் என்று முனகினாள். உள்ளே நிரப்பின காற்றின் மிச்சம் அப்படித்தான் தோளில் ஏறி நோகும், எழும்பி நடந்தால் போய்விடும் என்று நேர்ஸ் சொன்னாள். பின்னேரம் டொக்டர் வந்தா. கட்டி உடையாமல் பைக்குள் முழுசாக வந்துவிட்டதாம். உள்ளே தெளிந்த தண்ணீர்தானாம், கண்ணுக்குக் கெட்டதாக ஒன்றும் படவில்லையாம். ஆய்வுகூடத்து முடிவு இரண்டு கிழமையில் வரும், அதுவும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புவோம் என்றா. போகும்போது மூன்று விரலைக் காட்டினா. தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு. மூன்றுக்கும் சின்னச் சின்னப் பிளாஸ்டர்.

அடுத்த நாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் பத்மாசனி வந்தாள். நெல்லரிசிக் கஞ்சியும், கோயிலடிக் கடையில் வாங்கின புது மஞ்சள் கயிறும் கொண்டுவந்திருந்தாள். புருசன் பிள்ளைகளோடு நிறைவாக இருக்கிறவள் கட்டிவிட்டால் குறையில்லை என்று ஊரில் நாலுபேரிடம் கேட்டுக்கொண்டு, தலைக்கு முழுகிவிட்டு வந்திருந்தாள். நிசாந்தினி கைப்பைக்குள்ளிருந்து தாலியை எடுத்தாள். பச்சை நைலோன் அதில் சுற்றினபடியே இருந்தது. பத்மாசனி மஞ்சள் கயிற்றில் அதைக் கோத்துக்கொண்டு கட்டிலுக்குக் கிட்ட வந்தாள்.

"குனியுங்கோ மச்சாள்."

"வேண்டாம் மச்சாள்."

பத்மாசனி நின்றாள். நிசாந்தினி தாயின் முகத்தைப் பார்த்தாள். அப்பா இல்லை என்பதைக் கடைசியில் அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டா என்று அவள் நினைத்தாள். இத்தனை வருசமாக அதற்காகக் காத்திருந்தவள் கட்டிலோடு ஒட்டி வந்து இருந்தாள். தாயின் கையைப் பிடித்து, சரியம்மா, விடுங்கோ, நாங்கள் ரெண்டுபேரும் இருக்கிறம்தானே என்றாள்.

"உனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றாள் இராசேஸ்வரி. குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் சொல் தெளிவாக வந்தது. "கொடி செய்துகொண்டு வந்து இதைக் கழட்டிப்போட்டுத் தானே போட்டுவிடுறதெண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நான் இதையே பெரிசா வைச்சுக்கொண்டு, அவருக்கு ஒரு அவசரமும் இல்லாமல் பண்ணிப்போட்டன். இனி வெறுங்கழுத்தோடதான் இருப்பன். அவர் வந்து கட்டட்டும்."

பத்மாசனிக்கு அண்ணனின் நினைவு வந்து கண் நிறைந்தது. ஊர் என்ன சொல்லும் மச்சாள் என்று மெல்லக் கேட்டாள். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் இராசேஸ்வரி. நிசாந்தினி தாலியை வாங்கி, கயிறு இரண்டையும் சேர்த்துக் கைலேஞ்சித் துணியில் முடிந்தாள். மறுத்துப் பேச அவளிடம் இருந்த சொற்கள் எல்லாம் அந்த இடத்தில் பொய்யாகிவிடும்போல இருந்தது.

"பைக்குள்ளை குங்குமம் கிடக்கோ?" என்று இராசேஸ்வரி கேட்டாள்.

"ஓம்."

"அப்ப பொட்டை வைச்சுவிடு. வாற நேரத்திலை நெத்தி வெறுமையா இருந்தால் மனிசன் பயந்துபோகும்."

நிசாந்தினி சிமிழைத் திறந்தாள். இராசேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு, மகளுக்கு வசதியாக முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.